பதில் ஆள்

"இந்த ஆளாவது நிப்பாரா?" என்று கேட்டாள் நீலாவதி, மீன் குழம்பை இறக்கி வைத்துக்கொண்டே.

"நிப்பாரு, நிப்பாரு. நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார் சொக்கலிங்கம்.

போர்ட் பிளேருக்குக் கல்லூரி விளையாட்டு அதிகாரியாக வந்து ஏழு வருஷம். மனிதர் அலுத்துப்போயிருந்தார். வருஷத்தில் எட்டு மாதம் மழை. மைதானமோ கடலைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. பாடுபட்டு ஒரு டீமைத் தேற்றி மெட்ராசுக்கு அனுப்பினால், கப்பல் போய்ச் சேருவதற்குள் அங்கே போட்டி முடிந்து பந்தலைப் பிரித்திருப்பார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில், கப்பலில் நாலு நாளும் அழுதுகொண்டே வந்தாளே நீலாவதி, அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. 'ஒரே வருஷம், ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்' என்று அன்றைக்கு அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர், வருஷம் தவறாமல் மாற்றல் மனு போட்டுக்கொண்டிருந்தார். மனு பாஸாகும். ஆனால் பதில் ஆள் வந்து சார்ஜ் எடுத்தால்தான் இவரை விடுவிப்பார்கள். இதுவரை வந்த மூன்று பேரும், கப்பல் ஜெட்டியில் நிற்கும் நாலு நாளைக்குள் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி, அதே கப்பலில் திரும்பி ஓடியிருந்தார்கள்.

நாலாவது ஆள் கோவிந்தராஜ். இவரையும் கோட்டை விடக்கூடாது என்று சொக்கலிங்கம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று நாளாக வாய் கூசாமல் புளுகினார்.

"ரொம்ப மழையாமே சார்?"

"சும்மா தூறல் சார். உடம்புக்கு நல்லது."

"கிரவுண்டு சரிவா இருக்கே?"

"ஓட்டத்துக்கு அதுதான் சார் வசதி. மேட்டுல ஓடிப் பழகின பசங்க சமதரையில பறப்பானுங்க!"

"பொண்ணுங்களுக்கு யார் கோச்சிங்?"

"அதுக்குப் போஸ்டே இல்ல. என் சம்சாரம்தான் சம்பளமில்லாம போய் நிக்கிறா. ஸ்கூல்ல ஓடிக் கப்பு வாங்கினவ. பாவம், ஊருக்குப் போனா அவளுக்கும் இந்த வெட்டி வேலை இருக்காது."

மத்தியானச் சாப்பாட்டில் கோவிந்தராஜ் மீன் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "நாளைக்குக் காலைல சார்ஜ் எடுத்துக்கறேன் சார்" என்றும் சொல்லிவிட்டார். சொக்கலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றிலைத் தட்டோடு வந்த நீலாவதியிடம் விருந்தாளியை ஒப்படைத்துவிட்டு, அபர்டீன் பஜாருக்கு ஓடிப்போய் டிரங்குப் பெட்டியே வாங்கி வந்துவிட்டார்.

மறுநாள் காலை சொக்கலிங்கம் கல்லூரிக்குக் கிளம்பும்போது மைதானத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. "பாகோ, பாகோ! பீச்சே மத் தேக்கோ! திரும்பிப் பாக்காம ஓடுங்கடி!" நீலாவதி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பாவம், இன்றோடு இவளுக்கு விடுதலை என்று நினைத்துக்கொண்டார்.

கல்லூரிக்குக் கோவிந்தராஜ் வரவில்லை. லாட்ஜிலும் இல்லை. சாத்தம் ஜெட்டிக்கு ஓடினார். கையில் பெட்டியோடு கப்பல் ஏணியருகே நின்றிருந்தார் கோவிந்தராஜ்.

"அய்யோ, என்ன சார் இது! சார்ஜ் எடுக்கறேன்னு நேத்துதானே சொன்னீங்க?" சொக்கலிங்கம் அவர் பெட்டியை எட்டிப் பிடித்துக்கொண்டார். "என் பொண்டாட்டி முகத்துல நான் எப்படி சார் முழிப்பேன்?"

கோவிந்தராஜ் சங்கடமாக அவரைப் பார்த்தார்.

"சொல்லக்கூடாதுன்னாங்க சார், எனக்குத்தான் மனசு கேக்கல. நேத்து நீங்க பஜாருக்குப் போனதும் உங்க வீட்டம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. 'எனக்காகத்தான் மனு போடறாரு, வேண்டாம்னா மனசு நொந்துபோவாரு. ஊருக்குப் போனா மாமியார் என்னை வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. இங்க பதினெட்டுப் பொண்ணுங்க என் விசிலுக்குக் காத்து நிக்குதுங்க, திரும்பிப் போயிடுங்க தம்பி'ன்னு அழுதாங்க. முன்னாடி வந்த மூணு பேருகிட்டயும் இதையேதான் சொன்னாங்களாம்."