யோக்கியரின் கைப்பொத்தான்

இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் கைவிட்டுப் போனது உறுதியான பிறகு, வைத்தீஸ்வரன் கையை உயர்த்தினார். "சார், என் சட்டை பந்துல பட்டுருச்சு. ஃபவுல் குடுத்துருங்க." யாரும் பார்க்காத தவறு அது. பில்லியர்ட்ஸ் கிளப்பே எழுந்து கைதட்டியது. எதிர்த்து ஆடிய சூசைமாணிக்கம் மட்டும் கைதட்டவில்லை. நான்கு போட்டிகளாகப் பார்க்கிறான். இந்த மகானின் மனசாட்சி ஜெயிக்கிற ஆட்டத்தில் ஒருநாளும் கண் விழித்ததில்லை.

கடைசி ஆட்டத்தில் கருப்புப் பந்து மட்டும் மிச்சம். அதைக் குழியில் தள்ளுபவருக்குக் கோப்பை. இடதுகைக்காரரான வைத்தீஸ்வரன் வலது கையை மேசைமேல் எட்டி ஊன்றிக் குனிந்தார். பொத்தான் போடாத சட்டைக் கை தொங்கிக் கருப்பைத் தடவியது. பந்து குழிப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது.

"சார், சட்டை பட்டு கருப்பு நகர்ந்துச்சு" என்றான் சூசைமாணிக்கம்.

எதிர்ப்பக்கம் நின்றிருந்த நடுவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைத்தீஸ்வரனிடம் பணிவாகக் கேட்டார்: "பட்டுச்சாங்க?"

"இல்லையே."

"அவரே இல்லங்கறாரு. பட்டிருந்தா மறைக்கிற ஆளா அவரு? தோக்கப்போறோம்னு வாய்க்கு வந்ததப் பேசாதீங்க தம்பி."

கூட்டம் உச்சுக்கொட்டியது. கருப்பு விழுந்தது. கிளப் மறுபடி கைதட்டியது.

வைத்தீஸ்வரன் பெருந்தன்மையாகச் சிரித்து வலது கையை நீட்டினார். சூசைமாணிக்கம் குலுக்கினான், விடவில்லை. அந்தக் கையை நடுவரின் கண்ணெதிரே திருப்பிப் பிடித்து, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குப் போட்டுவிடுவதைப்போலப் பொறுமையாகப் பொத்தானை மாட்டினான்.

"ஜெயிக்கிற ஆட்டத்துல மட்டும் இதை ஒருத்தர் போட்டுவிட வேண்டியிருக்கு" என்றான்.

கைதட்டல் நின்றுபோயிருந்தது. வைத்தீஸ்வரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.