மெழுகுக் குழந்தை

“ஏ கோகிலா, ஒன் மாமியா வாராவாரம் மெழுகுக் குழந்தை வாங்குதாகளாமே. ஏதும் விசேஷம் உண்டா?”

குழாயடியில் ஷைஸ்தா கேட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கோகிலவாணியின் வயிற்றைப் பார்த்தார்கள்.

கல்யாணமாகி நாலு வருஷம். வெளியாள் கேட்பது பழகிவிட்டது. மாமியாரே அதைத் தாராவி முழுக்க விளம்பரம் செய்தால் என்ன செய்வது?

முப்பிடாதியம்மாளுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் கோயில்தான். காலையில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் மருமகள் தலையில்.

“நம்ம சாமி இருக்கும்போது அங்க என்ன அத்தை?” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள் கோகிலா.

“கையில பிள்ளையோட நிக்கவருட்ட கேக்காம வேற யாருட்ட கேக்கச் சொல்லுத?”

அதோடு பேச்சு முடிந்துபோனது.

இன்று விடுவதாக இல்லை. குடத்தை வாசலில் இறக்கி வைத்தாள். செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வார லீவு என்பதால் புருஷன் வேல்ராஜ் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொன்னாலும் ‘அம்மாட்ட நீயே கேளேன்’ என்று புரண்டு படுப்பான். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தாள்.

கோயிலுக்குள் மாமியார் இல்லை. வெளியே, நேர்ச்சை வைக்க மெழுகில் செய்த கை, கால், வீடு, குழந்தை எல்லாம் விற்கிற சபுராவின் கடையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சும் சிரிப்பும் வேறு.

கோகிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்லாருக்கு அத்தை. சாமி பேரைச் சொல்லிட்டு வந்து ஊர்க்கதையா பேசுதீங்க? வீட்ல ஒருத்தி கிடந்து சாகட்டும், அப்படித்தானே? எனக்குப் பிள்ளை இல்லைன்னு மெழுகுல வேற செஞ்சு ஊருக்குக் காட்டணுமா? வெளியில தலைகாட்ட முடியல.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

முப்பிடாதியம்மாள் கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“நீ எதுக்குட்டி இங்க வந்தே? வேல்ராஜு எங்க?”

“வீட்ல தூங்குதாக.”

“அவனைத் தனியா விட்டுட்டா வந்தே?” தலையில் கை வைத்துக்கொண்டாள். “போச்சு. இந்த வாரமும் போச்சு.”

“அவுகளுக்கு என்ன, கைப்பிள்ளையா? எழுந்தா சோறு போட்டுச் சாப்பிடத் தெரியாதா?”

சபுரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கோகிலா, ஒன் மாமியா குழந்தையை அந்தோணியார் காலடியில வச்சு, அழுது கும்பிட்டு எந்திரிக்க அரை மணி நேரம்தான் ஆகும். மிச்ச நேரம் பூரா எங்கூடத்தான். நல்ல மழையிலகூட வீட்டுக்குப் போங்க அக்கான்னு சொல்லிப் பார்த்துட்டேன். நகரமாட்டாக.”

“சோலி முடிஞ்சா வீட்டுக்கு வரவேண்டியதுதானே. இங்க எதுக்கு உட்காரணும்?”

முப்பிடாதியம்மாள் பூண்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“மத்த நாளு ஓவர்டைம் முடிஞ்சு பாதித் தூக்கத்துல வாரான். வாரத்துல இந்த ஒருநாள்தான் வீட்ல இருக்கான். நமக்கு இருக்கது ஒத்த ரூம்பு. அதுலயும் நான் குறுக்க உட்கார்ந்திருந்தா, அந்தோணியாருதான் பாவம் என்னட்டி செய்வாரு?”