வான்கோழி வெந்தாச்சா?

மிஷினை நிறுத்திவிட்டுத் தையல்காரி போனை எடுத்தாள். மறுமுனையில் பேசிய பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அக்கா, வான்கோழி மேல நல்லா சிவந்துடுச்சு. உள்ள வெந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? சரியா வேகலைன்னா தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவாரு.”

“தோலைப் பார்த்து ஏமாறாதே. தொடையில தடிச்ச இடமாப் பார்த்துக் கத்தியால குத்து. சாறு சிவப்பா வருதா?”

“இல்லக்கா, தெளிவா வருது.”

“அப்ப வெந்துடுச்சு. வெளியே எடுத்துக் கொஞ்சம் ஆறவிட்டு வெட்டு. அவரு அவசரப்படுத்துவாரு, காதுல வாங்காதே.”

“நல்லா இருக்குன்னு சொல்லுவாராக்கா?”

“இன்னைக்குச் சொல்ல மாட்டாரு.”

“எத்தனை வருஷம் போனா சொல்லுவாரு?”

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“தெரியலம்மா. பதினாறு வருஷம் பொறுத்துப் பார்த்துட்டுத்தான் நான் அவர்கிட்ட விவாகரத்து வாங்கினேன்.”