குறுவாளும் கொஞ்சம் சூடும்

"வீட்டுலதான் டம்ளர், தட்டுன்னு ஒண்ணு விடாம உடைக்கிறீங்க. இங்கேயுமா?"

மேடம் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே கப்சிப்.

மேஜையில், மண்ணிலிருந்து தோண்டி எடுத்த இரும்புக் குறுவாள் இரண்டு துண்டாகக் கிடந்தது. எதிரே கையைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் 'துரு டாக்டர்' என்று கூப்பிடும் மனுஷன்.

பிளாஸ்மா மெஷின் அவர் பொறுப்பு. பழைய உலோகத்தை உள்ளே வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, துளி ஹைட்ரஜன் விட்டுக் கரண்ட் கொடுத்தால் ஊதா வெளிச்சம் வரும். எப்பேர்ப்பட்ட கெட்டித் துருவும் இளகிவிடும். அந்த மெஷினுக்காக வருஷக்கணக்கில் நடையாய் நடந்தவர்.

மேடம் ஆய்வுக்கூடத்தின் தலைவி. அதைவிடப் பெரிய பதவி, துரு டாக்டரின் மனைவி.

"இந்தக் குறுவாளுக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்குன்னு ஆயிரம் சாக்கு. கண்காட்சி வந்துடுச்சுன்னு நான் கத்தின பிறகுதான் மெஷின்ல வச்சீங்க. வச்ச லட்சணம் இதுவா?"

"கை தவறிடுச்சு."

"இனிமே அந்த மெஷின் பக்கமே போகாதீங்க. வேற ஆள் பார்த்துக்கட்டும்."

மனுஷன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும், "சரி மேடம்" என்றார்.

மேடம் போனதுதான் தாமதம், துண்டுகளைப் படமெடுக்க வந்த போட்டோக்காரர் பொங்கிவிட்டார்.

"என்னண்ணே அநியாயம்! உடைஞ்ச இடம் பூரா பழைய பசை. எப்பவோ உடைஞ்சதை யாரோ ஒட்டி வச்சிருக்காங்க. மெஷின் சூட்டுல பசை விட்டுப்போச்சு. இதுல உங்க தப்பு என்ன? வாங்க, மேடம்கிட்ட காட்டுவோம்."

"ஐயையோ, சும்மா இருப்பா! ஒட்டினதே நான்தான்."

"நீங்களா?"

"குறைஞ்ச சூட்டுல வச்சா தாங்கும்னு பார்த்தேன். காலை வாரிடுச்சு."

"அப்போ அன்னிக்கு உடைச்சதும் நீங்கதானா?"

துரு டாக்டர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"உங்க மேடம்தான். அவசரமா போனவ கைப்பை பட்டு விழுந்துச்சு. அவ கவனிக்கவே இல்லை."

"அட! அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஆசை ஆசையா வாங்கின மெஷின் கைவிட்டுப் போகுதேண்ணே!"

"போனா போகட்டும். இப்போ தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

"நல்லா இருக்கு! பொண்டாட்டி மேல இவ்வளவு பாசமா?"

"பொண்டாட்டியா? அன்னிக்குத்தான் வேலைக்கு வந்து சேர்ந்திருந்தா. பாவம், முதல் நாளே வேலை போயிடுமேன்னு ஒட்டி வச்சேன். அப்போ அவ பேருகூட எனக்குத் தெரியாதுப்பா."