தொட்டியில் தேயிலை

சியூலுவான் வீட்டு ஆர்க்கிட் செடி மஞ்சளாகித் தொய்ந்துகிடந்தது. பார்க்க வந்த பூக்கடைக்காரர் செங்யீ, தொட்டியை மூடியிருந்த பாசியை விலக்கினார். வேரெல்லாம் அழுகல், நடுவே தேயிலைச் சக்கை.

"மிச்ச டீயை இதுல ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவைக்கா சொல்றது?"

"ஊத்துற என் புருஷனைத்தான் போன மாசமே எரிச்சுட்டு வந்தாச்சே. முப்பது வருஷத்துல எனக்கு ஒரு வாய் ஊத்திக் குடுத்ததில்ல அந்த மனுஷன். செடிக்கு மட்டும் தினமும்!"

செங்யீ சட்டென்று கையை உதறினார். விரலில் ஒட்டியிருந்த தேயிலை சுட்டது.

அன்று படுக்கப் போகுமுன், சியூலுவான் தன் காலிக் கோப்பையைத் தொட்டியை ஒட்டி வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் பாசியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. இடைஞ்சலாக இருந்ததுபோல, கோப்பை ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு சொட்டுகூட இல்லை.