ஞாயிற்றுக்கிழமைப் புள்ளி

நில ஆவணங்களை ஏற்றிய அந்தக் கணினி, தான் இயங்கத் தொடங்க எத்தனை நொடி பிடித்தது என்பதை ஒவ்வொரு முறையும் தானே குறித்துக்கொள்ளும். அதைத் திங்கட்கிழமைதோறும் வரைபடமாக்குவது அம்சவல்லியின் வேலை. எந்த நாளும் தொண்ணூறு நொடிதான். ஆனால் அலுவலகம் பூட்டிக் கிடக்கும் ஞாயிறுகளிலும் புள்ளி விழுந்திருந்தது.

“சாவி ஒங்ககிட்ட. புள்ளி மட்டும் ஆகாசத்துலேருந்து விழுதா? எவனோ பட்டாவுல கை வைக்கிறான். இன்னொரு ஞாயிறு இப்படின்னா வேலையை மறந்துடுங்கம்மா,” என்றார் வட்டாட்சியர் கல்யாணம்.

சனிக்கிழமை அவள் கணினியின் மின் ஒயரைக் கழற்றி, ஏழு மைல் தள்ளியிருக்கும் தன் வீட்டு அலமாரியில் வைத்தாள். மறுநாள் தோழியின் திருமணத்துக்குப் பூம்புகார் போய்வந்தாள்.

திங்களன்று ஒயரை மாட்டி வரைபடத்தை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் புள்ளி இருந்தது, தாளின் உச்சியில். இயங்கத் தொடங்க ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. கல்யாணம் சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அம்மா காத்தாயி சோறு போட்டபடியே சொன்னாள்: “நேத்து ஒங்கப்பா நடந்தே வந்து ஒயரை வாங்கிட்டுப் போனாரு. பட்டாவுல நம்ம பேரு ஏறிடுச்சான்னு பாக்கணுமாம். பொழுதுசாயக் கொண்டாந்து வச்சுட்டாரு.”

நிலத் தகராறில் அப்பா வெட்டுப்பட்டு இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

“இனிமே அதைக் கொண்டாராதடி. பாவம், அவ்வளவு தூரமும் காலால நடக்குறாரு.”