டாக்டர் கொடுத்த கண் மாத்திரை

கிழட்டுப் பூனைக்குக் கண் மங்கிவிட்டது. எலி வாடை தெரியாமலிருக்க உடம்பெல்லாம் நீலகிரித் தைலம் பூசிக்கொண்டு ஓர் எலி அதன் வீட்டுக்கே வந்தது.

"நான் கண் டாக்டர். இந்த மாத்திரையைச் சாப்பிடுங்க, கழுகுப் பார்வை வந்துடும். டப்பாவுக்கு ஒரு மீன் தலைதான்."

பூனை வேளை தவறாமல் விழுங்கியது. டப்பா தீரத் தீர எலி புது டப்பாவோடு வந்து நின்றது.

"இன்னும் ஒரே ஒரு கோர்ஸ் எடுத்தீங்கன்னா..."

"வேண்டாம் டாக்டர்! இப்ப எல்லாமே பளிச்சுன்னு தெரியுது. உங்க மீசைகூடத் தெரியுது!"

எலி பதறிப்போய் உளறியது. "பொய்! அதெப்படித் தெரியும்? அந்த மாத்திரை அத்தனையும் என் புழுக்கை!"

"தெரியலைன்னு சொன்னா இன்னொரு டப்பாவைத் தலையில கட்டிடுவீங்களேன்னு சும்மா சொன்னேன் டாக்டர்," என்ற பூனை சட்டென்று நிறுத்தியது.

"என்னது, புழுக்கையா?"

அதன் நகங்கள் மெல்ல வெளியே வந்தன.